செய்தியும் இழப்பும் ஒரே அறைக்குள் வரும்போது: முன்னாள் படைவீரர்கள், மீட்புப் பணியாளர்களின் உரையாடலை நடத்துவது எப்படி

எட்டுப் பேர் போதும். மிஞ்சிப்போனால் பத்துப் பேர். முன்னாள் படைவீரர்கள், தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்கள் ஆகியோரை ஒன்றாக உட்காரவைத்து நாட்டுநடப்பைப் பேசவைக்க விரும்புகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, கூட்டம் பெரிதாக இருந்தால்தான் பயன் என்று எண்ணுவது. பன்னிரண்டாவது ஆள் உள்ளே வந்ததும் உரையாடல் மேடைப்பேச்சாகிவிடுவதையும், பேச வேண்டியவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்பவராகிவிடுவதையும் நெறியாளராக இருந்த ஆண்டுகளில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். முதலில் வருகிறவர்கள் கதவைப் பார்த்தபடி இருக்கும் இடங்களைத் தேடிப் பிடிப்பார்கள். அது பழக்கம், அதைக் கேலி செய்ய வேண்டாம். பணியழைப்புக்குக் காத்திருப்பவரைத் தவிர மற்றவர்களின் கைப்பேசிகள் அணைந்திருக்கட்டும். நேரம் ஒன்றரை மணி. எழுந்து வெளியே போக எவரும் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதையும், வெளியே போனவரைப் பின்தொடர்ந்து சென்று பார்க்க ஒருவர் முன்கூட்டியே நியமிக்கப்பட்டிருக்கிறார் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இது எத்தகைய கூட்டம் அல்ல என்பதில் நெறியாளருக்குத் தெளிவு வேண்டும். ஒரு விபத்தோ தாக்குதலோ நடந்த சில நாட்களுக்குள், அதில் ஈடுபட்டவர்களை உட்காரவைத்து நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் முறையை 1983இல் ஜெஃப்ரி மிட்செல் மீட்புப் பணியாளர்களுக்காக வகுத்தார். அது பல நாடுகளுக்கும் பரவியது. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற மருத்துவச் சான்றாய்வு அமைப்பு 2002இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஒரே ஒருமுறை நடத்தப்படும் இத்தகைய அமர்வு பிற்கால மனவடு நோயை (PTSD, கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பை) தடுப்பதாகச் சான்றில்லை என்றும், கட்டாயப்படுத்தி நடத்துவதைக் கைவிட வேண்டும் என்றும் முடிவு சொன்னது. ஆகவே நேற்று நிகழ்ந்ததை இன்று கிளற வேண்டாம். நீங்கள் நடத்தப்போவது, விருப்பப்பட்டு வருகிறவர்கள் பொதுச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு பேசும் அமர்வு.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் சிலர் 1970இல் நியூயார்க்கில் உளநல மருத்துவர்கள் ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷடான் ஆகியோரை அழைத்து, தங்களுக்குள் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். போரை எதிர்க்கும் அரசியலும், திரும்பிவராத தோழர்களுக்கான துக்கமும் அந்த அறையில் ஒரே மூச்சில் பேசப்பட்டன. இரண்டையும் பிரித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. அந்த உரையாடல்களில் வெளிப்பட்டவை, 1980இல் மனவடு நோய் அமெரிக்க உளநோய் வகைப்பாட்டில் இடம்பெற்றதற்கான காரணங்களுள் ஒன்று. அந்த அறையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடத்தையே இந்தக் கட்டுரை முழுவதும் விரித்துச் சொல்கிறேன்: இந்தத் தொழில்களில் இருந்தவர் ஒரு செய்தியைப் பற்றிக் குரலை உயர்த்தினால், அந்தக் குரலுக்குப் பின்னால் பெரும்பாலும் இறந்துபோன ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றிக் கேட்ட பிறகுதான் வாதத்தைக் கேட்க முடியும்.

படைவீரரின் இழப்பும் மீட்புப் பணியாளரின் இழப்பும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதை மறக்கக் கூடாது. படைவீரர் தோழரை இழந்த நிலம் பெரும்பாலும் தொலைவில் இருக்கிறது. அது செய்தியாக மட்டுமே அவரிடம் திரும்பி வருகிறது. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது ஆஃப்கானிஸ்தானில் பணியாற்றிய பல நாட்டு வீரர்கள் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையின் பொருளைக் கணக்குப் பார்க்க நேர்ந்தது. தீயணைப்பு வீரரோ, குழந்தையைக் காப்பாற்ற முடியாமல்போன அதே தெருமுனையை வாரம் நான்குமுறை கடக்கிறார். முன்னவருக்குச் செய்தி காயத்தைத் திறக்கிறது. பின்னவருக்குக் காயம் மூடவே வாய்ப்பில்லை. இவர்கள் ஒருவரையொருவர் "உங்களுக்கு என்ன தெரியும்" என்று கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் அரைமணி நேரத்தில் உங்கள் வேலை.

செய்தியைத் தேர்ந்தெடுப்பது பற்றி. ஓர் அமர்வுக்கு ஒரே செய்தி. அதைத் தாளில் அச்சிட்டு, ஒருவர் உரக்க வாசிக்கட்டும். காணொளி வேண்டவே வேண்டாம். இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. கட்டடம் ஒன்று இடிந்த செய்தியைப் பேசுவதற்காக இரண்டு நிமிடக் காணொளியை ஒலியுடன் போட்டேன். புழுதி, ஓடும் மனிதர்கள், பின்னணியில் ஏதோ கிறீச்சென்ற இரைச்சல். எங்களில் பலருக்கு அவ்வளவுதான் கேட்டது. ஆனால் வட்டத்தில் இருந்த இரண்டு தீயணைப்பு வீரர்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். மூச்சுக்கருவியோடு இணைந்த எச்சரிக்கைக் கருவி, அணிந்திருப்பவர் ஏறத்தாழ 30 விநாடி அசையாமல் கிடந்தால் தானாகக் கூவத் தொடங்கும். இரைச்சல் என்று நாங்கள் கேட்டது, விழுந்து கிடக்கும் மனிதர் ஒருவரின் இருப்பிடத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருவர் எழுந்து போய்விட்டார். மற்றவர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன்பின் நான் எந்த அமர்விலும் திரையை வைத்ததில்லை.

வாசித்து முடித்ததும், பேசுகிறவர் ஒவ்வொருவரும் தம் கூற்றுக்கு முன்னால் மூன்றில் ஒன்றைச் சொல்லித் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் பார்த்தது", "எனக்குச் சொன்னார்கள்", "நான் நினைக்கிறேன்". முதல் அமர்வில் இது பள்ளிக்கூடப் பயிற்சி போலச் செயற்கையாகத் தோன்றும். ஆயினும் அறிக்கை எழுதிப் பழகிய காவலரும், நோயாளியின் நிலையை மருத்துவமனையில் ஒப்படைத்துப் பழகிய ஆம்புலன்ஸ் பணியாளரும் இதை விரைவில் ஏற்றுக்கொள்கிறார்கள். கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதுவது அவர்களுடைய அன்றாட வேலைதானே. சண்டைகளில் பாதி, ஒருவரின் கருத்தை இன்னொருவர் சாட்சியமாக எடுத்துக்கொள்வதால் வருகிறது. சாட்சியத்தை மறுப்பது ஒருவரைப் பொய்யர் என்று சொல்வதாகும்; கருத்தை மறுப்பது அப்படியன்று.

அடுத்ததும் கடினமானதுமான விதி: இறந்தவரைப் பற்றிப் பேசலாம், கருத்தையும் சொல்லலாம், ஆனால் இறந்தவரின் வாயால் கருத்தைச் சொல்லக் கூடாது. "அவன் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பான்" என்ற வாக்கியம் வந்தால் எதிரில் இருப்பவருக்கு விடையே இல்லாமல் போகிறது. ஓர் அமர்வில், ஒரே பிரிவில் பணியாற்றிய இருவர் ஒரே தோழரை எதிரெதிர்க் கட்சிகளுக்குச் சாட்சியாக இழுத்தார்கள். "அவனை எனக்கும் தெரியும்" என்று ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். அப்போது விதியை நினைவூட்டிப் பயனில்லை. "அவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்கள்" என்று இருவரையும் கேட்டேன். காலணிக் கயிறு அறுந்தபோது வயர்லெஸ் கம்பியைக் கோத்து ஆறு மாதம் ஓட்டியவர் என்று ஒருவர் சொன்னார். அந்தக் கம்பி தம்முடைய பெட்டியிலிருந்து திருடப்பட்டது என்றார் மற்றவர். எழுந்து நின்றவர் உட்கார்ந்துகொண்டார். அரசியல் வாதம் அன்று முடிவுக்கு வரவில்லை, வரவும் தேவையில்லை.

இழப்பைப் பேசுகிறபோது இடையில் விழும் மௌனத்தை நிரப்பாதீர்கள். ஆறுதல் சொல்ல அவசரப்படுபவரைக் கையமர்த்துங்கள். "இதெல்லாம் என்ன, நான் பார்த்ததைக் கேளுங்கள்" என்று துயரத்தில் போட்டி போடுகிறவரை மென்மையாக நிறுத்தி, அவருக்கான முறை வரும் என்று சொல்லுங்கள். இந்தத் தொழில்களுக்கே உரிய, சாவையும் கேலியாக்கும் கறுப்பு நகைச்சுவை வந்தால் பதற வேண்டாம். அது பலரைப் பணியில் நிலைக்கவைத்த ஒன்று. இறந்தவரின் குடும்பத்தார் எவரேனும் வட்டத்தில் இருந்தால் மட்டும் அதற்கு இடமில்லை.

இழப்பு நாள் குறித்து முடிவதில்லை என்பதையும் நெறியாளர் தெரிந்திருக்க வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டு இடிந்தபோது நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அந்த இடிபாடுகளின் நச்சுப் புழுதியால் வந்த நோய்களில் பின்னர் இறந்த அத்துறையினரின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் அதே 343ஐத் தொட்டது. "இத்தனை ஆண்டுகளாகியும் இதையே பேசுகிறார்களே" என்று சலித்துக்கொள்பவருக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.

தற்கொலை பற்றிய பேச்சு வந்தே தீரும். எந்த முறையில் இறந்தார் என்ற விவரத்துக்குள் எவரையும் போகவிடாதீர்கள். ஒருவரைப் பற்றி உங்களுக்குக் கவலை இருந்தால் அமர்வு முடிந்ததும் தனியே அழைத்து, "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே அனுப்பாதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் உதவி எண் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, அமெரிக்காவில் 988, முன்னாள் படைவீரர்கள் அதன்பின் 1ஐ அழுத்த வேண்டும்.

இனிப் பேச்சுரிமை. இதை ஒரே கேள்வியாக நினைப்பதால்தான் குழப்பம். உண்மையில் சட்டம் என்ன அனுமதிக்கிறது, பணிவிதி என்ன அனுமதிக்கிறது, இந்த அறையில் நாம் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பவை வெவ்வேறு. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டுகிறது. உங்கள் வட்டத்தில் ஒருவரைக் குறுக்கே பேசாமல் இருக்கச் சொல்வதை அது தடுப்பதில்லை. அரசு ஊழியர் பொதுநலன் சார்ந்து குடிமகனாகப் பேசுவதற்குப் பாதுகாப்பு உண்டு என்று 1968இல் பிக்கரிங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்கடமையின் பகுதியாகப் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2006இல் கார்செட்டி வழக்கில் சொன்னது. இந்தியாவில் அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பு, படையினர், காவல்துறையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு இடமளிக்கிறது; 1966ஆம் ஆண்டுக் காவல்படை உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதியின்றிப் பத்திரிகைகளோடு தொடர்புகொள்வதைத் தடுக்கிறது. ஓய்வு பெற்றுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம்: இரகசியக் காப்புக் கடமை ஓய்வுக்குப் பின்னும் தொடர்கிறது.

ஆகவே அமர்வின் தொடக்கத்தில், இன்னும் பணியில் இருப்பவர் யார், விசாரணையோ வழக்கோ நிலுவையில் இருப்பவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் அந்த விவகாரத்தின் விவரங்களைச் சொல்லாமல் தங்களுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லலாம். ஆம்புலன்ஸ் பணியாளர் நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் சொல்லலாகாது. அறைக்குள் கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று காட்டக் கூடாது என்ற 1927ஆம் ஆண்டுச் சாத்தம் ஹவுஸ் விதி இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அது ஒரு வாக்குறுதி மட்டுமே. நீதிமன்றம் அழைத்தால் உங்களைக் காக்காது, உயிருக்கு ஆபத்து என்றால் கட்டுப்படுத்தவும் கூடாது. இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

"இந்த உரிமைக்காகத்தான் நாங்கள் இரத்தம் சிந்தினோம்" என்ற வாக்கியம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் என்பதற்குத் தயாராக இருங்கள். 2016இல் அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் காலின் கேப்பர்னிக், இன அநீதிக்கு எதிர்ப்பாகத் தேசிய கீதத்தின்போது உட்கார்ந்திருந்தார். சிறப்புப் படையில் பணியாற்றியவரும் அந்த ஆட்டத்தை ஆடியவருமான நேட் போயர் அவருக்குத் திறந்த மடல் எழுதினார். தம் முதல் உணர்வு சினம்தான் என்பதை மறைக்காமல், கேட்கத் தயாராக இருப்பதாகச் சொன்னார். இருவரும் சந்தித்தார்கள். வீழ்ந்த தோழரின் கல்லறை முன்னால் வீரர்கள் மண்டியிடுவார்கள், நீயும் அணித்தோழர்களின் அருகே அப்படிச் செய்யலாமே என்று போயர் கூறினார். அன்றிரவே, செப்டம்பர் 1 அன்று, கேப்பர்னிக் ஒற்றைக் காலில் மண்டியிட்டார். போயர் அருகில் நெஞ்சில் கைவைத்து நின்றார். அதற்குப் பிறகும் முன்னாள் படைவீரர்களிடையே ஒருமித்த கருத்து வரவில்லை. அவமதிப்பு என்றவர்களும் உண்டு, இதுதான் நாங்கள் காத்த உரிமை என்றவர்களும் உண்டு. ஒருவர் நின்றும் ஒருவர் மண்டியிட்டும் அருகருகே இருந்தார்களே, அந்தத் தூரம் போதும் என்பது என் எண்ணம். உங்கள் வட்டத்தில் எல்லோரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள்.

முடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் செய்தியை மூடிவைத்துவிடுங்கள். இப்போது எங்கே போகிறீர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள், வண்டி ஓட்டும் நிலையில் இருக்கிறீர்களா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். இரவுப் பணிக்கு நேராகப் போகிறவர் இருந்தால் அவரிடம் சற்றுக் கூடுதலாக நில்லுங்கள்.

மறுநாள் இருவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பாதியில் எழுந்து போனவர் ஒருவர். மிக அதிகமாகப் பேசியவர் இன்னொருவர். பின்னவரைத்தான் நெறியாளர்கள் மறந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் பூட்டிவைத்ததைச் சொல்லிவிட்டு வீடு திரும்பியவர், காலையில் எழுந்து, ஏன் சொன்னோம் என்று கூசிப்போய் அடுத்த அமர்வுக்கு வராமலே இருந்துவிடுவார். அறிவுரை எதுவும் வேண்டாம். நேற்று நீங்கள் சொன்னதைக் கேட்டோம், அடுத்த முறை உங்கள் நாற்காலி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், அவர் எதை நினைத்துக் கூசினாரோ அதை நீங்களாக எடுத்துப் பேசாதீர்கள்.