எலிக்குட்டிகளின் புலன் இழப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குட்டியின் ஒரு புலனைக் குறைத்தோ நீக்கியோ அதன் மூளை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதே புலன் இழப்பு ஆய்வு. சுண்டெலியின் முகத்திலுள்ள பெரிய மீசை முடி ஒவ்வொன்றுக்கும் மூளைப் புறணியின் (மூளையின் வெளிப்பகுதியின்) நான்காம் அடுக்கில் தனியாக ஒரு நரம்பணுத் திரள் உண்டு. 1970இல் வூல்சி, வான் டெர் லூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்குப் 'பீப்பாய்' என்று பெயரிட்டார்கள். பிறந்த குட்டியின் மயிர்க்கால்களைச் சிதைத்தால் அவற்றுக்குரிய பீப்பாய்கள் ஒழுங்காக உருவாவதில்லை என்று 1973இல் இருவரும் காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு, 'மீசையை வெட்டினாலே பீப்பாய்கள் அழிந்துவிடும்' என்று எழுதுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. முடியைக் கத்தரிப்பது வேறு, மயிர்க்காலைச் சிதைப்பது வேறு. சிதைத்தால் நரம்பு முனையும் போய்விடும். கத்தரித்தால் நரம்பு அப்படியே இருக்கும். அது கொண்டுவரும் செய்திதான் குறையும். பீப்பாய்களின் அமைப்பும் பெரும்பாலும் கலையாது. ஆனால் அவற்றிலுள்ள நரம்பணுக்கள் எந்த மீசைக்கு எவ்வளவு துலங்குகின்றன (எதிர்வினை காட்டுகின்றன) என்பது மாறிவிடும். முடி திரும்ப வளரும் என்பதால், ஒரு தடவை கத்தரித்துவிட்டு விட்டால் அது இழப்பாகாது.

கண்ணுக்கும் இதே கதைதான். இருட்டில் வளர்ப்பதையும் கண்ணையே அகற்றுவதையும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. குட்டி கண் திறக்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதற்கு முன்பே விழித்திரை தானாகத் துடிப்பலைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இருட்டு அவற்றை நிறுத்துவதில்லை. கண்ணை இழந்த குட்டியின் பார்வைப் புறணி சும்மா கிடக்கும் என்றும் எண்ணாதீர்கள். தொடுதலுக்கும் ஒலிக்கும் அது துலங்கத் தொடங்குவது உண்டு.

அனுபவத்துக்கேற்ப மூளை மாறக்கூடிய 'மூளை வளையும் பருவம்' என்று ஒன்றே ஒன்று இருப்பதாகப் பேசுவதும் தவறு. பீப்பாய் வடிவம் மாறும் வாய்ப்பு பிறந்து சில நாட்களிலேயே முடிந்துவிடும். ஒரு கண்ணை மூடிவைத்தால் விளையும் மாற்றமோ நான்காம் வாரத்தையொட்டித்தான் உச்சம் பெறும். பிறந்த நாளைச் சிலர் 0 என்றும் சிலர் 1 என்றும் எண்ணுகிறார்கள். முதல் வாரத்தில் இந்த ஒரு நாளே முடிவைப் புரட்டிவிடும். எப்படி எண்ணினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

எனக்கு மிகவும் வேதனை தருவது எலி வகையைச் சரிபாராமல் தொடங்கும் சோதனை. சி57பிஎல்/6 என்ற ஆய்வக வகைச் சுண்டெலிகள் வளர்ந்த சில மாதங்களிலேயே உயர் அதிர்வெண் (கீச்சென்ற) ஒலிகளைக் கேட்கும் திறனை இழக்கத் தொடங்குகின்றன. சி3எச் என்ற இன்னோர் ஆய்வக இனத்தின் வகைகள் பலவற்றில் பிறந்த சில வாரங்களுக்குள் விழித்திரையின் ஒளியுணர் செல்கள் மடிந்துவிடுகின்றன. அந்தக் குட்டிகளை ஒப்பீட்டுக் குழுவில் (புலன் எதுவும் இழக்காததாகக் கருதும் குழுவில்) வைத்துவிட்டு, பார்வையுள்ள மூளை என்று அளந்தால் அத்தனை உயிர்களும் வீண்.