வயிற்றுப் பிள்ளையோடு கதைப்பது எப்படி?

முதலில் வெட்கத்தை விடுங்கள். வயிற்றைத் தடவிக்கொண்டு தனியே கதைத்தால் முற்றத்தில் இருக்கிற மாமி சிரிப்பா, சிரிக்கட்டும். ஏறத்தாழ 25ஆம் கிழமைக்குப் பிறகு பிள்ளை சத்தத்துக்கு அசையத் தொடங்கும்.

என்ன கதைப்பது என்று யோசிக்க வேண்டாம், தேங்காய் துருவும்போது வாயில் வருவதைக் கதையுங்கள். இரணைமடு வாய்க்காலில் முங்கியபடி கரையில் கதைப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? சொல் விளங்காது, ராகம் விளங்கும். உள்ளே பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் தாயின் குரல் உடம்புக்குள்ளாலும் போவதால் அதுதான் மற்றக் குரல்களைவிட நன்றாகக் கேட்கும். 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து 3 நாள்கூட ஆகாத பிள்ளைகளின் வாயில் சூப்பியை வைத்து, சூப்புகிற விதத்தை மாற்றினால் தாயின் குரல் கேட்கும்படி செய்தார்கள். பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே மாற்றிச் சூப்பினார்கள்!

அதனால் அம்மம்மா பாடின தாலாட்டில் ஒன்றைப் பிடித்து, கடைசி இரண்டு மாதமும் தினமும் அதையே பாடுங்கள், பிறகு ஏணையிலும் அதையே. வயிற்றில் ஹெட்ஃபோன் வைக்கிற கூத்து வேண்டாம். திருவிழா ஒலிபெருக்கிக்குக் கிட்டவும் நிற்காதீர்கள்.

அப்பாமாருக்கு ஒன்று: பிறந்தவுடன் உங்கள் குரலைப் பிள்ளை தனியாக விரும்புவதாக ஆய்வில் தெரியவில்லை. கோபிக்காதீர்கள், பிறந்த பிறகு முகத்துக்குக் கிட்டப் போய்க் கதையுங்கள், 20 முதல் 30 சென்ரிமீற்றருக்குள்தான் அதற்கு ஓரளவு வடிவாகத் தெரியும்.

சாப்பாடும் ஒரு கதைதான். தாய் தின்ற உள்ளியின் மணம் பனிக்குட நீருக்கும் போகும், பிறகு தாய்ப்பாலுக்கும் போகும். ஆகவே பிள்ளை பெற்ற தாய்க்கு உள்ளி போட்டு வைக்கிற சரக்குக்கறி பிள்ளைக்குப் புது மணமே இல்லை.

இன்னொன்று, இதில் விளையாட வேண்டாம்: அசைவு வழமையைவிடக் குறைந்தால் பாட்டுப் பாடிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிறந்ததும் பிள்ளையை வெறும் நெஞ்சில் ஒரு மணித்தியாலமாவது போடச் சொல்லி கிளினிக்கில் மிட்வைஃபிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பிள்ளையின் கையில் இருக்கிற பனிக்குட நீர் மணம் அதற்குப் பழகின மணம், முலையைத் தேடவும் அது உதவும். சுடுதண்ணியோடு காத்திருக்கிற அம்மம்மாவை ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள், உலக சுகாதார நிறுவனமும் 24 மணித்தியாலம் கழித்துத்தான் குளிப்பாட்டச் சொல்கிறது.