துபாய் ஃபிளாட்டுக்குக் கிளம்பும் டீச்சர் காரைக்குடியிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

முதலில் கசகசா. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். பெட்டியில் கொஞ்சம் இருந்தாலும் விமான நிலையத்திலேயே வழக்காகலாம். செட்டிநாட்டுப் பக்கம் இருந்து போகிறவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. நாம் கசகசாவைத் தனிப் பொட்டலமாகக் கொண்டுபோக மாட்டோம், வீட்டில் அரைத்துத் தரும் மசாலாப் பொடிக்குள் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் மிளகாயும் மல்லியும் வறுபடும்போதே அடுப்படியில் போய் நின்றுகொள்ளுங்கள். "கசகசா இல்லாம என்னத்தா குருமா?" என்று அப்பத்தா கேட்கத்தான் செய்வார்கள். பொட்டுக்கடலையும் நாலு முந்திரியும் தேங்காயோடு அரைத்து விட்டால் குருமா கெட்டியாகவே வரும், சாப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கல்பாசி, அன்னாசிப்பூ, சோம்பு இதற்கெல்லாம் பயமில்லை. மெஷினில் அரைத்த பொடியைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் கவருக்குள் வேர்த்துக் கட்டி பிடித்துவிடும். கோடீன் கலந்த இருமல் மருந்தையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து, அம்மாவின் போன். வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், அழைப்பு மட்டும் போகாது. போட்டிம் என்ற செயலியை அம்மா போனில் ஏற்றி, ஒரு தடவை பேசிக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். அந்த ஊர் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். மூணு மணிக்குப் பள்ளி முடிந்து நீங்கள் கூப்பிட்டால் காரைக்குடியில் நாலரை, காபி நேரம். இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கும் வேலையைப் பள்ளியே பட்டியல் போட்டுச் சொல்லிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது வீட்டைப் பற்றி. ஃபிளாட் தருகிறார்களா, வாடகைப் பணம் தருகிறார்களா, ஃபிளாட் என்றால் தனியாகவா, இன்னொரு டீச்சரோடு சேர்த்தா? பதில் எழுத்தில் வரட்டும். தருகிறார்கள் என்றால் முதல் வருஷம் அங்கேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன். காரணம், அங்கே வாடகையை மாதாமாதம் கையில் கொடுக்கிற வழக்கம் குறைவு. வருஷத்து வாடகையை நாலு செக்காகவோ ஆறு செக்காகவோ பின்தேதி போட்டு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவரிடம் எமிரேட்ஸ் ஐடி என்ற அந்நாட்டு அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, செக் புத்தகம் எல்லாம் சேர்வதற்கே நாளாகும்.

தனியாக எடுத்தே தீருவேன் என்றால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷ வாடகை 60,000 திர்ஹாம் என்று வையுங்கள். அட்வான்ஸ் வழக்கமாக 5 சதவீதம், அது 3,000. தரகருக்கும் பெரும்பாலும் அதே 3,000. கரண்டும் தண்ணீரும் தரும் 'தேவா' வாரியத்தில் 2,000 டெபாசிட், காலி செய்யும்போது திரும்பி வரும். ஒப்பந்தத்தை 'எஜாரி' என்ற அரசு வாடகைப் பதிவில் பதிய வேண்டும். அப்புறம் முதல் தேவா பில்லைப் பார்த்துப் பதறாதீர்கள். வருஷ வாடகையில் 5 சதவீதத்தை ஹவுசிங் ஃபீ என்று பன்னிரண்டாகப் பிரித்து அதில்தான் சேர்ப்பார்கள். நம் கணக்கில் மாதம் 250.

இனி அங்கே போன பிறகு. கரண்ட் நம் ஊர் மாதிரியேதான், 230 வோல்ட். அதனால் மிக்ஸி அப்படியே ஓடும். பிளக் மட்டும் சதுரக் கால் வைத்த மூணு பின். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், இந்தியக் கடைகள் நிறைந்த கராமா பக்கம் கிடைக்கும். அதற்கடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுச் சாயங்காலமே ஆட்டிவிடுங்கள், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். ஏசி ஓடும் வீட்டில் மாவு பொங்காது. ஓவன் அடுப்பைப் பற்றவைக்காமல், அதன் உள்விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை ராத்திரி அதற்குள் வைத்தால் காலையில் பணியாரத்துக்குத் தயாராக இருக்கும்.

கருவாடு வறுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கிச்சன் கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில் ஈரத்துணி அடைத்து, எக்ஸாஸ்டைப் போட்டுவிட்டு வறுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளி அரை நாள்தான், அன்றைக்கு வைத்துக்கொண்டால் வாசம் போக சனியும் ஞாயிறும் இருக்கின்றன. துணியைப் பால்கனிக் கம்பியில் காயப்போடக் கூடாது, நகராட்சி எச்சரித்திருக்கிறது. மடக்கு ஸ்டாண்டை உள்ளேயே விரித்தால் போதும். பொங்கலுக்கு நடுவீட்டுக்கோலம் போடுகிறவர்கள் ஹாலின் டைல்ஸிலேயே பச்சரிசி மாவைக் கரைத்துப் போடலாம், ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும்.

மே மாதம் வந்தால் குளியலறையில் ஒரு கூத்து நடக்கும். மொட்டை மாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயில் கொதிக்கிற தண்ணீர் வரும். ஏப்ரல் கடைசியிலேயே ஹீட்டரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து குளியுங்கள். ஹீட்டருக்குள் நிற்கும் தண்ணீர் வீட்டுக்குள் கிடந்து ஆறியிருக்கும். அங்கே பழையவர்கள் எல்லோரும் கோடையில் இப்படித்தான் குளிக்கிறார்கள்.

நீங்கள் டீச்சர் என்று கட்டடத்தில் தெரிந்ததும் "மேத்ஸ் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டு வருவார்கள். அனுமதியில்லாமல் டியூஷன் எடுக்கக் கூடாது. 2023 டிசம்பரிலிருந்து தனிப்பயிற்சிக்கென்றே அனுமதி தருகிறார்கள், கட்டணம் கிடையாது. அதை வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஜூலையில் ஊருக்கு வரும்போது தண்ணீர் வால்வை மூடி, அரிசி பருப்பைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் வண்டு வைத்துவிடும். வாட்ச்மேனை அங்கே நாத்தூர் என்பார்கள். அவரிடம் திரும்பும் தேதியைச் சொல்லி உங்கள் இந்திய எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.