சரயேவோவில் தவறான பேருந்து நிலையத்தில் இறங்கினேன்

செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து பேருந்தில் போஸ்னியத் தலைநகர் சரயேவோ போனேன். இறங்கிப் பார்த்தால் பழைய நகரமும் இல்லை, டிராமும் இல்லை; பெயர்ப்பலகையெல்லாம் ரஷ்ய மொழி எழுத்தைப் போன்ற சிரிலிக் எழுத்தில். அது கிழக்கு சரயேவோ நிலையம். செர்பியாவிலிருந்து வரும் பேருந்துகள் பல அங்கேதான் நிற்கும்; நகரின் பிரதான நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது.

பதறவே தேவையில்லை. கொஞ்ச தூரம் நடந்தால் தோப்ரின்யா என்ற குடியிருப்புப் பகுதி. அங்கே 103ஆம் எண் டிராலி பஸ் (மேலே போகும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்) ஏறினால் பழைய நகரத்துக்குப் பக்கத்தில் இறங்கலாம். என்னிடம் இருந்தது செர்பிய தினார், போஸ்னியாவில் செல்லாது. ஏ.டி.எம்.மில் போஸ்னியப் பணமான மார்க் எடுத்தேன். ஒரு யூரோ 1.95583 மார்க், இந்த விகிதம் மாறாது என்பதால் கணக்குப் போடுவது சுலபம். நான் போனபோது டிக்கெட்டை ஓட்டுநரிடம் வாங்குவதைவிடச் சாலையோரக் கடையில் வாங்கினால் விலை குறைவாக இருந்தது.

அப்புறம் சாப்பாடு. நான் சைவம். பால்கன் நாடுகளில் (தென்கிழக்கு ஐரோப்பா) வேறு இடங்களில் பாலாடைக்கட்டி வைத்த பூரெக், அதாவது மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பலகாரம், கிடைக்கும். போஸ்னியாவில் பூரெக் என்றாலே இறைச்சி. அதே பலகாரத்தில் சீர்னித்ஸா என்றால் பாலாடைக்கட்டி, செல்யானித்ஸா என்றால் கீரை, க்ரோம்பிருஷா என்றால் உருளைக்கிழங்கு. பழைய நகரக் கடைவீதியான பஷ்சார்ஷியாவில் ஒரு கடையில் க்ரோம்பிருஷா கேட்டேன். மொறுமொறு மேல்தோல், உள்ளே மிளகுக் காரத்தோடு கிழங்கு, மேலே ஒரு கரண்டி தயிர். அந்த மூன்று பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.