புதுநன்மை வகுப்பில் தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள்

கோடை லீவு விட்டதும் மதுரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் பங்குகளில் புதுநன்மை வகுப்பு தொடங்கிவிடும். பூசையில் இயேசுவின் உடலாக உண்ணும் அப்பமான நற்கருணையை முதன்முதலாக வாங்கப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வகுப்பு அது. கல்லூரி லீவில் வந்த தம்பி தங்கைகள் பலர் முதல் தடவையாகப் பாடம் எடுக்க வருகிறார்கள். அவர்கள் ஆர்வத்தில் குறையே இல்லை. ஆனால் நாங்கள் சிறுவயதில் கேட்டு மிரண்ட அதே வார்த்தைகள் இவர்கள் வாயிலும் வரும்போது மனசு தாங்கவில்லை. நேரத்துக்கு வருவது, பிள்ளைகளை அடிக்காமல் இருப்பது எல்லாம் பங்குத்தந்தையே சொல்லிவிடுவார். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

“கடித்தால் ரத்தம் வரும்”

முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். நற்கருணை பல்லில் படக் கூடாது, கடித்தால் ரத்தம் வரும், இயேசுவுக்கு வலிக்கும். எத்தனை தலைமுறையாக இந்தப் பேச்சு ஓடுகிறதோ! பிள்ளைகள் மரியாதையாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பக்தி வருவதில்லை, பயம்தான் வருகிறது.

மதுரைக்கு வடக்கே ஒரு பங்கில் நடந்தது. புதுநன்மை வாங்கிய பையன் ஒருவன் வாயை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தான். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினால் பல்லில் பட்டுவிடுமோ என்று பயந்து, யாரும் பார்க்காதபோது எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டான். வீட்டில் அம்மா அதைப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் ஓடி வந்தார். சாமியார் கோபப்படவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் “தேவதுரோகம்” என்று பேசியது பையன் காதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் நன்மை (நற்கருணை) வாங்கும் நேரம் வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அவனை அப்படிப் பயமுறுத்திய டீச்சருக்கு இது இன்றுவரை தெரியாது. நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மெல்லக் கூடாது என்று திருச்சபையில் சட்டமே கிடையாது. “பெற்று உண்ணுங்கள்” என்றுதான் ஆண்டவர் சொன்னார். அப்பத்தைப் பிட்கும்போது பிளவுபடுவது கண்ணுக்குத் தெரியும் அப்பத்தின் தோற்றம் மட்டுமே, கிறிஸ்து சிதைவதில்லை என்று இறையியல் அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். ஒவ்வொரு துண்டிலும் அவர் முழுமையாக இருக்கிறார்.

“இயேசுவுக்கு வலிக்குமா அக்கா?” என்று பிள்ளை கேட்டால் நேராகவே பதில் சொல்லுங்கள்: “வலிக்காதும்மா. சிலுவையில பட்ட பாடெல்லாம் முடிஞ்சுபோச்சு. அவர் உயிர்த்தெழுந்துட்டார், இனிமே அவருக்குச் சாவே இல்லை. வாயை மூடி மெதுவா மென்னு முழுங்கு.” ஒருவேளை கீழே விழுந்துவிட்டால் அப்படியே நின்று சாமியாரிடம் காட்டினால் போதும், யாரும் திட்ட மாட்டார்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

இப்போது செல்போனில் இத்தாலியின் லான்சியானோ ஊரில் நடந்ததாகச் சொல்லும் புதுமையை (அற்புதத்தை) வேறு காட்டுகிறார்கள், அப்பம் சதையாக மாறிய கதையை. நற்கருணையைச் சந்தேகித்த ஒரு துறவிக்காக நடந்ததாகச் சொல்லப்படும் புதுமை அது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி என்ன சந்தேகம்? பெரியவனானதும் பார்த்துக்கொள்ளட்டும்.

“சும்மா ஒரு அடையாளம்தான்”

உடல், ரத்தம் என்றால் பிள்ளைகள் அருவருப்பார்கள் என்று பயந்து இப்படிச் சொல்லித் தப்பிப்பவர்களும் உண்டு. அப்புறம் எதற்கு முழந்தாளிடுகிறோம், நற்கருணை வைத்திருக்கும் பேழைக்கு முன் எதற்கு விளக்கு எரிகிறது? பிள்ளை கேட்டுவிடும்.

அந்தக் கடைசி இரவிலிருந்து ஆரம்பியுங்கள். நாளைக்குச் சாகப்போகிறோம் என்று தெரிந்த ஒருவர், தன் ஆட்களை விட்டுப் பிரிய மனசில்லாமல், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அப்பத்தைக் கையில் எடுத்து, இது என் உடல், என் நினைவாக இதைச் செய்யுங்கள் என்கிறார். பிறகு, உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீடர்களோடு நடந்த கதைக்கு வாருங்கள். வழியெல்லாம் கூடவே நடந்தவரை அந்த இரண்டு சீடர்களும் அடையாளம் கண்டது அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான். பார்க்க அப்பம், ருசியும் அப்பம், ஆனால் வருவது அவரே, அவர் சொன்னதால் நம்புகிறோம். இந்த அளவு போதும். இதைப் பிள்ளைகள் நம்மைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

“ஏன் அப்பம்? இட்லி வைக்கக் கூடாதா?” என்று ஒரு வாண்டு நிச்சயம் கேட்கும். சிரித்து அடக்காதீர்கள், அருமையான கேள்வி அது. நமக்குச் சோறு மாதிரி அந்த ஊருக்கு அப்பம். அவர் கையில் எடுத்தது அதுதான் என்பதால் இன்றும் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்தே செய்கிறார்கள்.

மனப்பாடம்

மந்திரங்களை (செபங்களை) ஒப்பிக்காத பிள்ளையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீர்கள். விசுவாசத்தின் முக்கிய உண்மைகள் வயதுக்கேற்பப் புரிந்து, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-லேயே சொல்லி, வயதையும் ஏழு அளவில் வைத்தார். அதற்கு முன் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருந்தார்கள்.

சி.எஸ்.ஐ. பிள்ளைகளை மட்டம் தட்டுவது

வேண்டாம். அவர்கள் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர்களானாலும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள்.

ஒத்திகை அப்பம்

வாங்கிப் பழகுவதற்காக ஒத்திகையில் கொடுக்கும் அப்பம் இன்னும் அர்ச்சிக்கப்படாதது, அதாவது இயேசுவின் உடலாக ஆகாதது என்று கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் “நான் நன்மை வாங்கிட்டேன்” என்று வீட்டில் போய்ச் சொல்லும் பிள்ளைகள் உண்டு.

கவுன், ஃப்ளெக்ஸ், போட்டோ

புதுநன்மை நாளுக்கான இந்த ஏற்பாடுகளைப் பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள். வகுப்பில் வேண்டாம்.

பட்டினி

நன்மை வாங்குவதென்றால் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது அம்மாச்சி காலத்துச் சட்டம். 1953-ல் தண்ணீருக்கு அனுமதி வந்தது, 1957-ல் பட்டினி நன்மைக்கு முன் மூன்று மணி நேரமானது, 1964 முதல் ஒரு மணி நேரம்தான். மதுரை மே மாத வெயிலில், ஆளுயர மெழுகுதிரிகளுக்கு நடுவே, வெறும் வயிற்றோடு நிற்கும் பிள்ளை மயங்கி விழத்தான் செய்யும். காலையில் இரண்டு இட்லி கொடுத்து, பூசைக்கு நேரத்தோடு கூட்டி வரச் சொல்லுங்கள். தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். மாத்திரை சாப்பிடும் பிள்ளை அதை நிறுத்தவே கூடாது.