ஐந்து பேர் போதும்: ஆஸ்திரேலியாவில் செலவு குறைந்த சட்டப்படியான திருமணம்

ஆஸ்திரேலியாவில் ஒரு திருமணம் சட்டப்படி செல்லுபடியாக ஐந்து பேர் இருந்தால் போதும். மணமக்கள் இருவர், திருமணத்தை நடத்திவைக்க அங்கீகாரம் பெற்ற செலிபிரன்ட் ஒருவர், 18 வயது நிரம்பிய சாட்சிகள் இருவர். மண்டபம், மோதிரம், தாலி, விருந்து எதையும் 1961-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் கேட்பதில்லை. கையில் காசு இல்லையே என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியதே இல்லை. ஆனால் ஒரு மாத அவகாசம் கட்டாயம் வேண்டும். ஆகவே நாள் குறிப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் ஒரு கேள்வி

ஊரில் ஏற்கெனவே சட்டப்படி திருமணம் செய்துகொண்டீர்களா? அப்படியென்றால் பெரும்பாலும் அது இங்கேயும் செல்லும். இங்கே இன்னொரு முறை சட்டப்படி மணக்க முடியாது. இது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. ஊரில் கல்யாணத்தைப் பதிவுசெய்துவிட்டு வந்து இங்கே செலிபிரன்டைத் தேடுவார்கள். அதேபோல, இங்குள்ள கோயிலில் தாலி கட்டினாலும், நடத்திவைத்தவர் அங்கீகாரம் பெற்றவராக இல்லாவிட்டால் அது சட்டப்படியான திருமணம் ஆகாது. அங்கீகாரம் பெற்ற குருக்கள்மாரும் இருக்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ தேவையில்லை.

செலிபிரன்டைத் தேடுவது

அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலை மத்திய அட்டர்னி ஜெனரல் துறை இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டணத்தை அவரவரே நிர்ணயிக்கிறார்கள் என்பதால் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். ‘லீகல்ஸ் ஒன்லி’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்: சட்டம் கேட்கும் பகுதி மட்டும், பத்துப் பதினைந்து நிமிடச் சடங்கு. வார நாள் காலை என்றால் பலர் குறைத்து வாங்குவார்கள். பயணச் செலவு சேர்ந்த மொத்தத் தொகையா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ்

இதுதான் முக்கியமான தாள். மணக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிவிக்கும் திருமண நோட்டீஸ் (செலிபிரன்ட்கள் ‘நோயிம்’ என்பார்கள்), திருமணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு உங்கள் செலிபிரன்ட் கைக்குப் போய்விட வேண்டும். 18 மாதத்துக்கு மேல் பழையதாகவும் இருக்கக் கூடாது. நீங்கள் கையெழுத்திட்ட நாள் கணக்கில்லை, அவரிடம் சேர்ந்த நாள்தான் கணக்கு. மார்ச் 10 அன்று சேர்ந்தால் ஏப்ரல் 10-க்கு முன் நடத்த முடியாது. தனி அதிகாரியிடம் அனுமதி வாங்கி அவகாசத்தைக் குறைக்கலாம்தான், ஆனால் அதற்குச் சட்டம் ஒப்பும் காரணங்கள் மிகச் சில. ‘சித்தப்பா டிக்கெட் போட்டுவிட்டார்’ என்று மட்டும் சொல்லிப் போய் நிற்காதீர்கள்.

ஒருவர் இன்னும் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறாரா? இங்கிருப்பவர் மட்டும் கையெழுத்திட்டு நோட்டீஸைக் கொடுத்துவிடலாம். மற்றவர் வந்து, திருமணத்துக்கு முன் கையெழுத்திட்டால் போதும்.

பிறந்த தேதியும் ஊரும் குறித்த பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ், முன்பு மணமானவர் என்றால் விவாகரத்து ஆணை அல்லது துணையின் இறப்புச் சான்றிதழ், இவை அசலாக வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுங்கள். இதற்கே இரண்டு வாரம் போய்விடும், முதல் வேலையாகச் செய்துவிடுங்கள்.

சடங்குக்கு முன் செலிபிரன்ட் உங்கள் இருவரையும் தனித்தனியே நேரில் சந்தித்துப் பேசுவார். மனமொப்பித்தான் மணக்கிறீர்களா என்று உறுதிசெய்துகொள்ளவே அந்தச் சந்திப்பு. பெற்றோர் கூடவே வந்து உட்கார நினைத்தாலும், அந்தச் சில நிமிடங்களை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கு

வீட்டுக் கூடமோ கொல்லைப்புறமோ போதும். பூங்கா என்றால் அனுமதி வேண்டுமா என்று கவுன்சிலில் கேளுங்கள். ஒரு சிறு மேசை, இரண்டு நாற்காலி, வெளியில் என்றால் தாள் பறக்காமல் இருக்க ஒரு கனமான பொருள். நான் சாட்சியாக நின்ற ஒரு திருமணத்தில் பித்தளைக் குத்துவிளக்கையே தாளின் ஓரத்தில் வைத்தோம், அழகாகவும் இருந்தது.

தடையேதும் இல்லை என்ற உறுதிமொழித் தாளில் முதலில் கையெழுத்து. அப்புறம் செலிபிரன்ட் தன் அதிகாரத்தையும் திருமணத்தின் சட்டப் பொருளையும் அறிவிப்பார். பிறகு நீங்கள் இருவரும் முழுப்பெயர் சொல்லி, இங்கிருப்போர் சாட்சியாக இவரைச் சட்டப்படி வாழ்க்கைத்துணையாக ஏற்கிறேன் என்ற பொருளில் சட்டம் தரும் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் மனத்தில் உள்ளதைத் தமிழில் சொல்லுங்கள், தாலி கட்டுங்கள், மாலை மாற்றுங்கள். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் முந்தின இரவு உட்கார்ந்து நாலு வரி எழுதி வையுங்கள், அந்த நேரத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மணமக்களில் ஒருவருக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மணமக்களில் மற்றவர் அந்த வேலையைச் செய்ய முடியாது.

முடிந்ததும் மூன்று சான்றிதழ்களில் ஐவரும் கையெழுத்திடுவீர்கள், ஒன்று உங்களுக்கு. செலிபிரன்ட் 14 நாளுக்குள் பதிவுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் கையில் கிடைத்த அந்த அழகான சான்றிதழ் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற உதவாது. அதற்கு மாநிலப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகத்தில் தனியாகக் கட்டணம் கட்டி அதிகாரபூர்வச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தத் தொகையையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.