எண் சரி, செய்தி தவறு: நாளிதழ் சார்ட்டுகளில் தவிர்க்க வேண்டியவை

நாளிதழில் ஒரு சார்ட் சொதப்பினால் பழி வரைந்தவர் தலையில் விழும். ஆனால் பல தவறுகள் அவர் மேசைக்கு வருவதற்கு முன்பே, எக்செல் கோப்பைத் திறக்கும் இடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

எண்ணப்பட்டது எது என்று கேட்காமல் விடுவதுதான் என் கணக்கில் முதல் தவறு. 2014-இல் அமெரிக்காவின் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தரவுச் செய்தித் தளம் நைஜீரியாவில் நடந்த கடத்தல்களை வரைபடமாகப் போட்டது. அதற்கு எடுத்த ஜிடெல்ட் தரவுத்தளமோ ஊடகச் செய்திகளிலிருந்து தானாகத் திரட்டப்படுவது. ஒரே கடத்தலைப் பற்றிப் பல செய்திகள் வந்தால் எண்ணிக்கை ஏறிவிடும். கடத்தல் கூடியதா, கடத்தலைப் பற்றிய பேச்சு கூடியதா என்பதே அதில் தெரியாது. விமர்சனம் வந்த பிறகு திருத்தம் போட்டார்கள். காவல்துறை வழக்குகளின் எண்ணிக்கையும் இப்படித்தான்: குற்றமே கூடியிருக்கலாம், புகார் கொடுக்க முன்வருபவர்கள் கூடியிருக்கலாம். யார் எண்ணினார்கள், எண்ணும் முறை இடையில் மாறியதா என்று தரவு தந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் கோப்பு. 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டார்கள். பழைய எக்செல் வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. கோப்பு வந்ததும் எத்தனை வரிசை, கடைசி வரிசையில் என்ன, ஒரே பதிவு இரண்டு முறை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எண்ணிவிடாதீர்கள். தகவல் வரவில்லை என்பதும் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் வேறு வேறு.

சதவீதத்தில் தடுமாறாத செய்தி டெஸ்க் இல்லை. 4 சதவீதம் 6 ஆனால் உயர்வு 2 சதவீதப் புள்ளி, அல்லது 50 சதவீதம். ‘2 சதவீதம் உயர்வு’ என்று போட்டால் தவறு.

வரைதலுக்கு வருவோம். பட்டை சார்ட் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். 96, 98 என்ற இரண்டு எண்களை 95-இல் தொடங்கி வரைந்தால் இரண்டாவது பட்டை மூன்று மடங்கு உயரமாக நிற்கும். கோட்டு சார்ட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உலகச் சராசரி வெப்பநிலையைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் மாற்றமே கண்ணுக்குத் தெரியாது.

சார்ட்டின் செங்குத்து அச்சைத் தலைகீழாக்குவது தனிக் கதை. 2011-இல் சவுத் சைனா மார்னிங் போஸ்ட் இதழ் இராக் போர் உயிரிழப்புகளைச் சிவப்புப் பட்டைகளாக மேலிருந்து கீழே தொங்கவிட்டது. ரத்தம் வழிவது போல இருக்கும், பார்த்தவுடன் விளங்கும். 2014-இல் ராய்ட்டர்ஸ், ஃபுளோரிடாவின் துப்பாக்கிக் கொலைகளை அதே போலத் தலைகீழாக, ஆனால் பட்டைக்குப் பதில் கோடாக, கோட்டுக்கு மேலே சிவப்பு நிரப்பி வரைந்தது. 2005-இல் தற்காப்புச் சட்டம் வந்த பிறகு கொலைகள் கூடின. சார்ட்டில் கோடு கீழே இறங்கியது. சிவப்புக்குக் கீழிருந்த வெள்ளைப் பகுதியைத்தான் பலர் கண் பிடித்துக்கொண்டது. கொலைகள் குறைந்தன என்றே படித்தார்கள். தொங்கும் பட்டை எங்கிருந்து தொங்குகிறது என்று தெரியும், கோட்டுக்கு அந்தப் பிடி இல்லை. புதுமை செய்யும் ஆசை வந்தால், செய்தியைப் படிக்காத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்டி என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

மேப்பில் வெறும் எண்ணிக்கையை வண்ணமாக்கினால் பெரும்பாலும் மக்கள்தொகை மேப்தான் கிடைக்கும். லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றுங்கள். பரப்பளவும் ஏமாற்றும். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) வாரியான மேப் பெரும்பகுதி டிரம்ப் கட்சியின் சிவப்பு, ஆனால் நாடு முழுக்க ஹிலாரி கிளின்டன் பெற்ற வாக்குகள் டிரம்ப்பைவிடச் சுமார் 29 லட்சம் அதிகம்.

நிறத்தில் சிவப்பு–பச்சை ஜோடியை மட்டும் நம்பாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறியச் சிரமப்படும் ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். நியூஸ்பிரிண்டில் மை பரவும் என்பதால், திரையில் தனித்தனியாகத் தெரியும் ஐந்து நீலங்கள் அச்சில் இரண்டாகிவிடும். கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கடைசி நேரத்தில் தலைப்பு கவிழ்த்துவிடும். ‘இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன’ என்று செய்தியாளர் எழுதியது, இடம் போதாமல் ‘இதனால் அது உயர்ந்தது’ என்று சுருங்கிவிடும். பக்கம் அச்சுக்குப் போகும் முன், தலைப்போடு சேர்ந்த புரூஃபைத் தரவைக் கையாண்டவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.